சோர்ஸிலிருந்து ஜிசிசி: மல்லுக்கட்டுவதா, வேறு வழி பார்ப்பதா?

"அண்ணா, நேத்து ராத்திரி போட்ட மேக் நின்னுபோச்சு."

"என்ன எர்ரர்?"

"எர்ரர் 2-ன்னு வருது."

போனில் பேசியவர் எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஆராய்ச்சி மாணவர். சென்டோஸ் 7 என்ற லினக்ஸ் ஓடுகிற பழைய கிளஸ்டரில் (பல கணினிகளை ஒன்றாகப் பிணைத்த கூட்டம்) ஜிசிசி 13-ஐ, அதாவது சி, சி++ கோடை ஓடும் புரோகிராமாக மாற்றும் கம்பைலரை, சோர்ஸ் கோடிலிருந்து கட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றோடு நான்கு நாள். ரூட் பாஸ்வேர்ட், அதாவது சிஸ்டம் முழுதையும் மாற்றும் அனுமதி, கிடையாது. அவருக்குத் தேவையான சிமுலேஷன் பேக்கேஜ் சி++ மொழியின் 2017 தரமான சி++17 கேட்கிறது. மெஷினில் இருப்பதோ ஜிசிசி 4.8.5.

அவர் சொன்ன "எர்ரர் 2" உண்மையில் பிழைச் செய்தியே இல்லை. மேக் என்பது கோப்புகளை வரிசையாகக் கம்பைல் செய்யவைக்கும் கருவி; தனக்குக் கீழே ஓடிய இன்னொரு மேக் தோற்றுவிட்டது என்று மேல் மேக் புலம்பும் வரி அது. எட்டு ஜாப் ஒரே நேரத்தில் ஓடும்போது ஒன்று செத்தாலும் மற்ற ஏழும் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அதனால் திரையின் கடைசி வரிக்கும் உண்மையான பிழைக்கும் நடுவே இருநூறு வரி இருக்கலாம். லாகைக் கோப்பில் சேமித்து, "எர்ரர்" என்ற சொல்லும் அதை ஒட்டி முக்காற்புள்ளியும் முதன்முதலாக வரும் இடத்தைத் தேடுங்கள். அப்படியும் அகப்படவில்லை என்றால் ஜாப் எண்ணிக்கையை ஒன்றாக்கி மறுபடி மேக் கொடுங்கள். நின்ற இடத்திலிருந்தே தொடரும், இந்த முறை பிழை கடைசியில் வந்து உட்காரும்.

அன்று மாலை நேரில் பார்த்தபோது அவர் கேட்ட கேள்வி வேறு: "இதையே சரிபண்ணிப் பாக்கவா, இல்ல வேற வழி இருக்கா?" அதற்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வழிகள் பல உண்டு. டிஸ்ட்ரோவே (மெஷினிலுள்ள லினக்ஸ் வகையே) தரும் டூல்செட், காண்டா, ஸ்பேக் என்ற பேக்கேஜ் நிறுவும் கருவிகள், தனி லினக்ஸையே பெட்டிபோல் அடைத்துத் தரும் கண்டெய்னர், கிளாங் என்ற மாற்றுக் கம்பைலர், அல்லது பழைய கம்பைலரோடே காலம் தள்ளுவது. எதை எடுப்பது என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. பில்ட் எந்தக் கட்டத்தில் நின்றது? கம்பைல் ஆகும் புரோகிராம் கடைசியில் எந்த மெஷினில் ஓடப்போகிறது? இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. மூன்று நாள் கழித்து அதுவே வந்து கதவைத் தட்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. "13 எதுக்கு?" என்று கேட்டேன். "அதானே புதுசா இருந்துச்சு" என்றார். பேக்கேஜின் ரீட்மீ கேட்டது ஜிசிசி 9 அல்லது மேல். குறைந்தபட்சத் தேவை என்ன என்று பார்க்காமல் இருப்பதிலேயே புதியதை எடுப்பதால் சில வழிகள் கண்ணிலேயே படாமல் போகின்றன. சி++17 ஏறக்குறைய முழுதாக வேண்டும், ஃபைல்சிஸ்டம் ஹெடரும் வேண்டும் என்றால் 9 போதும். சி++20-இன் ஃபார்மட் ஹெடர் வேண்டும் என்றால்தான் 13.

கட்டியே தீருவது என்றால்

சென்டோஸ் 7 வெளிவந்தது 2014-இல். அதன் ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்தது. ஆனாலும் ஏதோ ஒரு லைசென்ஸ் மென்பொருளுக்காகவோ, வேறெதிலும் வேலை செய்யாத ஒரு டிரைவருக்காகவோ இன்னும் எத்தனையோ ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல செய்தி, அதிலுள்ள 4.8.5 ஜிசிசி 13-ஐக் கட்டப் போதுமானது. ஜிசிசி 4.8 வந்ததிலிருந்து அதைக் கட்ட சி++ கம்பைலர் வேண்டும். 11-ஆம் பதிப்பிலிருந்து சி++11 தெரிந்த கம்பைலர் வேண்டும். 4.8.5-க்கு அது தெரியும். ஆக, இந்த முயற்சி நடக்காத காரியம் அல்ல.

கட்டுவதற்கு முன் மெஷினைச் சோதிக்கும் கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடும்போதே வரும் பிழைகளுக்குப் பயப்படவே வேண்டாம். முதல் இரண்டு நிமிடத்தில் வரும், ஐந்து நிமிடத்தில் சரியாகும். மிகவும் பிரபலமானது, ஜிஎம்பி 4.2, எம்பிஎஃப்ஆர் 3.1.0, எம்பிசி 0.8.0 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று நிற்பது. இந்த மூன்றும் கம்பைலர் தன் உள்ளே பெரிய எண்களையும் தசம எண்களையும் துல்லியமாகக் கணக்கிடப் பயன்படுத்தும் லைப்ரரிகள். பலர் இங்கேதான் தடம் மாறுகிறார்கள். மூன்றையும் தனித்தனியாக இறக்கி, தனித்தனியாகக் கட்டி, ஹோம் டைரக்டரியில் எங்கெங்கோ நிறுவுகிறார்கள். தேவையே இல்லை. சோர்ஸ் டைரக்டரிக்குள் போய் காண்ட்ரிப் ஃபோல்டரில் இருக்கும் டவுன்லோட்_ப்ரீரிக்விசிட்ஸ் ஸ்கிரிப்டை ஓட்டினால், சரியான பதிப்புகளை இறக்கி சோர்ஸுக்குள்ளேயே இணைத்துவிடும். ஜிசிசி 13-க்கு ஜிஎம்பி 6.2.1, எம்பிஎஃப்ஆர் 4.1.0, எம்பிசி 1.2.1, கூடவே ஐஎஸ்எல் 0.24. பிறகு அவை ஜிசிசியோடு சேர்ந்தே கட்டப்பட்டு அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

அடுத்தது, "உங்கள் சிஸ்டத்தில் 32-பிட் டெவலப்மெண்ட் லைப்ரரிகள் இல்லை என்று சந்தேகிக்கிறேன்" என்கிற ரீதியில் வரும் செய்தி. பழைய பதிப்புகளில் இதே கோளாறு, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு ஸ்டப்ஸ்-32 என்ற ஹெடர் கிடைக்கவில்லை என்று முகம் காட்டும். 64-பிட் மெஷினில் ஜிசிசி இயல்பாகவே 32-பிட்டுக்கும் சேர்த்துக் கட்டப் பார்க்கிறது. அதற்கு 32-பிட் ஜிலிப்சி, அதாவது லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி, வேண்டும். 32-பிட் புரோகிராம் எழுதும் உத்தேசம் இல்லாதவர்கள் கன்ஃபிகருக்கு --டிசேபிள்-மல்டிலிப் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

சோர்ஸ் டைரக்டரிக்குள்ளேயே கன்ஃபிகர் ஓட்டாதீர்கள். பக்கத்தில் காலி டைரக்டரி ஒன்றை உருவாக்கி அங்கிருந்து கூப்பிடுங்கள். ஒருமுறை உள்ளே ஓட்டிவிட்டால் அது விட்டுப்போகும் மிச்சங்கள் அடுத்த முயற்சியையும் கெடுக்கும். டார் கோப்பை மறுபடி பிரித்துக்கொள்வதுதான் உத்தமம். லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியில் இரண்டு முக்காற்புள்ளி ஒட்டி வந்தாலோ, கடைசியில் ஒன்று தொங்கினாலோ, அதற்கு "இப்போதிருக்கும் டைரக்டரி" என்று பொருள். கன்ஃபிகர் அதையும் கண்டுபிடித்து நின்றுவிடும். பாஷ் கோப்பில் யாரோ எப்போதோ ஒட்டிய ஒரு வரியின் கைங்கரியம் அது.

இனி நம் மாணவரின் பிழைக்கு வருவோம். லாகில் மேலே ஏறிப் பார்த்தபோது கிடைத்த வரி: "கேனாட் கம்ப்யூட் சஃபிக்ஸ் ஆஃப் ஆப்ஜெக்ட் ஃபைல்ஸ்". ஆப்ஜெக்ட் கோப்பின் பின்னொட்டைக் கண்டறிய முடியவில்லையாம். வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு இணையத்தில் தேடினால் பைத்தியம்தான் பிடிக்கும். பின்னொட்டுக்கும் கோளாறுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நடந்தது என்னவென்றால், அப்போதுதான் கட்டிமுடித்த புதுக் கம்பைலரை வைத்து லிப்ஜிசிசி என்ற அடுத்த துண்டைக் கட்டுவதற்காக ஒரு குட்டி சி புரோகிராமைக் கம்பைல் செய்து பார்த்திருக்கிறது. அந்தச் சோதனையே தோற்றுவிட்டது. ஏன் என்பது திரையில் வராது. பில்ட் டைரக்டரிக்குள் இலக்கு மெஷினின் பெயரில் ஒரு டைரக்டரி இருக்கும், அதற்குள் லிப்ஜிசிசி, அதற்குள் கன்ஃபிக்.லாக். திறந்து கீழிருந்து மேலாகப் போனோம். சோதனை புரோகிராமுக்குச் சற்று மேலே ஒரே வரி: கம்பைலரின் உள்பகுதியான சிசி1 ஓடும்போது எம்பிசி லைப்ரரியின் .3 என்று முடியும் கோப்பைத் திறக்க முடியவில்லை. அப்படி ஒரு கோப்பே இல்லை.

அவர் எம்பிசியைத் தன் கையால் ஹோம் டைரக்டரியில் நிறுவியிருந்தார். கன்ஃபிகருக்கு இடத்தைச் சொல்லியிருந்தார், அதனால் கட்டும்போது கிடைத்தது. ஓடும்போது எங்கே தேடுவது என்று யாரும் சொல்லவில்லை. ஓடும்போது லைப்ரரி தேடும் இடங்களைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் மாறியில் சேர்த்தால் அப்போதைக்கு நகரும். நான் அதைச் செய்யவிடவில்லை. பில்ட் டைரக்டரியை முழுசாக அழித்துவிட்டு, மேலே சொன்ன ஸ்கிரிப்டை ஓட்டச் சொன்னேன். கணக்குகள் ஓடும் கம்ப்யூட் நோடில் இணையம் இல்லை என்று அது முதலில் முரண்டு பிடித்தது. எல்லோரும் உள்நுழையும் லாகின் நோடில் ஓட்டினார், முடிந்தது.

நினைவகப் பிரச்சினை வேறு ரகம். "கில்ட்" என்று ஒரு சொல், சிசி1பிளஸ் நிறுத்தப்பட்டது என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். கோடில் பிழை இல்லை. ரேம் தீர்ந்ததால் கெர்னல் கழுத்தை நெரித்துவிட்டது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் போட்டால் சாட்சி கிடைக்கும். ஜாப் ஒன்றுக்கு 1 முதல் 2 ஜிபி என்று கணக்குப் போட்டு ஜாப் எண்ணிக்கையைக் குறையுங்கள். கிளஸ்டரின் லாகின் நோடில் ஒரு யூசருக்கு இவ்வளவுதான் ரேம் என்று வரம்பு போட்டிருப்பார்கள், அதையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் பிழை வேறு வேறு கோப்பில் வந்தால் ரேம் அல்லது வன்பொருள் மீது சந்தேகப்படலாம். ஒரே கோப்பில் ஒரே வரியில் வந்தால் அது மென்பொருள் கோளாறு.

மூன்று கட்டங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜிசிசி தன்னைத் தானே மூன்று முறை கட்டிக்கொள்கிறது. முதலில் பழைய கம்பைலரால், பிறகு அந்தப் புதியதால், பிறகு அதுவும் புதியதால். இரண்டாவதும் மூன்றாவதும் பைட்டுக்குப் பைட் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் "பூட்ஸ்ட்ராப் கம்பாரிசன் ஃபெயிலியர்" என்று நிற்கும். --டிசேபிள்-பூட்ஸ்ட்ராப் கொடுத்தால் இந்தச் சோதனையே இருக்காது, நேரமும் பாதிக்கு மேல் மிச்சம். இதை அறிவுரையாக எல்லோரும் அள்ளி வீசுகிறார்கள். வெறும் பொறுமையின்மைக்காகத் தவிர்ப்பதில் தப்பில்லை. கம்பாரிசன் தோற்ற பிறகு அதை மறைக்கப் பயன்படுத்தினால் தப்பு. பழைய கம்பைலரின் பிழை புதியதற்குள் தொற்றியிருக்கிறதா என்று பார்க்கும் ஒரே கண்ணாடி அது. என் வழக்கத்தில் கன்ஃபிகர் பிழைகளுக்கு அரை நாள், முதல் கட்டத்துக்கு இன்னொரு அரை நாள் கொடுப்பேன். கம்பாரிசனில் தோற்றால் அன்றே கைவிட்டு வேறு வழிக்குப் போய்விடுவேன்.

இதற்கு நேர்மாறான வழக்கும் உண்டு. புது உபுண்டுவில் பழைய ஜிசிசி 4.9 வேண்டும், ஏதோ ஒரு பழைய கோடு அதில்தான் கம்பைல் ஆகும் என்பார்கள். இதற்கு என் பதில் சுருக்கம்: கட்டாதீர்கள். ஜிலிப்சி 2.26-இல் யூகான்டெக்ஸ்ட் என்ற ஸ்ட்ரக்ட் பெயர் போய்விட்டது, அங்கே ஒருமுறை இடிக்கும். 2.28-இல் யூஸ்டாட் ஹெடர் போய்விட்டது, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் சானிடைசர் பகுதியில் இடிக்கும். ஜிசிசி 11 முதல் இயல்புநிலை சி++17. பூல் மாறியை ++ கொண்டு கூட்டுவது அதில் தடை, பழைய ஜிசிசியின் ரீலோட் கோப்பில் அதுவே எழுதியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பேட்ச் உண்டு, சி++98 ஃப்ளாக் கொடுப்பது உண்டு, சானிடைசரை அணைப்பது உண்டு. ஆனால் ஒரு குழியிலிருந்து ஏறினால் அடுத்த குழி. பழைய டிஸ்ட்ரோ கண்டெய்னர் பத்து நிமிட வேலை.

கட்டி முடித்த பிறகு வரும் கடன்

சோர்ஸிலிருந்து கட்டுவதன் உண்மையான செலவு பில்ட் முடிந்த மறுநாள்தான் தெரியும். புரோகிராம் கம்பைல் ஆகிறது, லிங்க் ஆகிறது, ஓட்டினால் ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.32 கிடைக்கவில்லை என்கிறது. புதுக் கம்பைலர் தன்னுடைய சி++ லைப்ரரியான லிப்எஸ்டிடிசி++-ஐ (ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் அதன் பதிப்புக் குறி) நம்பி புரோகிராமை எழுதித் தந்திருக்கிறது. ஓடும்போது சிஸ்டத்தின் பழைய லைப்ரரி வந்து மாட்டிக்கொள்கிறது. 4.8.5-இன் லைப்ரரிக்கு 3.4.19 வரைதான் தெரியும். ஜிசிசி 9.1-க்கு 3.4.26, 11-க்கு 3.4.29, 12-க்கு 3.4.30, 13.2-க்கு 3.4.32. இந்த எண்ணைப் பார்த்தே குறைந்தது எந்தப் பதிப்புக் கம்பைலரில் கட்டியது என்று சொல்லிவிடலாம்.

தீர்வு மூன்று. எல்டி_லைப்ரரி_பாத்தைச் செட் செய்வது எளிது, ஆனால் மறந்துபோகும், ஜாப் ஸ்கிரிப்டில் ஒருமுறை, க்ரானில் ஒருமுறை. லிங்க் செய்யும்போதே ஆர்பாத் கொடுத்து லைப்ரரியின் இடத்தைப் புரோகிராமுக்குள் எழுதிவிடுவது எனக்குப் பிடித்தது. -ஸ்டாடிக்-லிப்எஸ்டிடிசி++ கொடுத்து உள்ளேயே அடைத்துவிடுவது, வேறு மெஷினுக்கு எடுத்துப்போகும் தனிப் புரோகிராமுக்கு நல்லது. ஷேர்டு லைப்ரரிகள் பல சேரும் இடத்தில் வம்பு.

இன்னொரு சின்னக் கடன் அசெம்ப்ளர். ஜிசிசியைப் புதுப்பித்தீர்கள், அசெம்ப்ளர் அடங்கிய பின்யூட்டில்ஸ் சென்டோஸின் 2.27-ஆகவே இருக்கிறது. -மார்ச்=நேட்டிவ் கொடுத்து புதிய சிபியுவில் கம்பைல் செய்தால், கம்பைலர் எழுதும் புது வெக்டர் கட்டளை எதுவென்று அசெம்ப்ளருக்குத் தெரியாமல் "அப்படி ஒரு கட்டளையே இல்லை" என்று வரும். பின்யூட்டில்ஸையும் கட்டவேண்டும்.

டிஸ்ட்ரோ கொடுப்பதை வாங்கிக்கொள்வது

ரூட் அனுமதி இருந்தால், அல்லது அட்மினிடம் கேட்டு வாங்க முடிந்தால், நான் வேறெதையும் யோசிக்கவே மாட்டேன். சென்டோஸ் 7-க்கு ஜிசிசி 11 அடங்கிய டெவ்டூல்செட்-11 கிடைக்கிறது. ஆர்ஹெல் (ரெட் ஹேட் லினக்ஸ்) 8 குடும்பத்தில் இதுவே ஜிசிசி-டூல்செட் என்று பெயர் மாறியது. சென்டோஸ் 7-இன் ஆதரவு முடிந்ததால் வழக்கமான மிரர்கள் வேலை செய்யாது. பேக்கேஜ் நிறுவும் யம் கருவியின் கோப்புகளில் முகவரியை, பழைய பதிப்புகளைச் சேமித்துவைத்திருக்கும் வால்ட் சர்வருக்கு மாற்றவேண்டும், அவ்வளவுதான்.

இதன் சாமர்த்தியம் வேறெங்கும் இல்லாதது. டெவ்டூல்செட்டின் லிப்எஸ்டிடிசி++ கோப்பு வெறும் லிங்கர் ஸ்கிரிப்ட். சிஸ்டத்தின் பழைய லைப்ரரியில் இருப்பதை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும், அதில் இல்லாத புதிய பகுதிகளை மட்டும் உங்கள் புரோகிராமுக்குள் ஒட்டிவிடும். அதனால் டெவ்டூல்செட் இல்லாத சென்டோஸ் 7 மெஷினிலும் அந்தப் புரோகிராம் ஓடும். மேலே சொன்ன ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் தலைவலி கிடையாது.

பொறி ஒன்று உண்டு. ஜிசிசி 5-இல் ஸ்ட்ரிங், லிஸ்ட் இவற்றின் உள்ளமைப்பு மாறியது. பழைய லைப்ரரியோடு ஒத்துப்போகவேண்டி டெவ்டூல்செட் சென்டோஸ் 7-இல் பழைய அமைப்பையே பிடித்துக்கொண்டிருக்கிறது; மாற்றும் மேக்ரோவைக் கொடுத்தாலும் கேட்காது. யாரோ வேறு மெஷினில் புதிய அமைப்போடு கம்பைல் செய்து தந்த லைப்ரரியை இதோடு லிங்க் செய்யப்போனால், பெயரில் சிஎக்ஸ்எக்ஸ்11 என்று வரும் ஸ்ட்ரிங் ஃபங்ஷன்கள் கிடைக்கவில்லை என்று பக்கம் பக்கமாகக் கொட்டும். எல்லாவற்றையும் நீங்களே கம்பைல் செய்பவர் என்றால் கவலை இல்லை. அடைத்து வந்த லைப்ரரியை நம்பியிருப்பவர் என்றால் இந்த வழி அங்கேயே மூடிவிடும்.

உபுண்டுவில் இதற்கு டூல்செயின் பிபிஏ என்ற கூடுதல் பேக்கேஜ் களஞ்சியம். 20.04-இல் இருப்பது ஜிசிசி 9, 22.04-இல் 11, 24.04-இல் 13; பிபிஏ சேர்த்தால் பழையதிலும் புதியது வரும். பலர் கவனிக்காத ஒன்று, புதிய ஜிசிசியை அதிலிருந்து நிறுவும்போது சிஸ்டம் முழுதுக்குமான லிப்எஸ்டிடிசி++ லைப்ரரியும் சேர்ந்தே மேலேறுகிறது. உங்கள் மெஷினில் எல்லாம் ஓடும். பிபிஏ சேர்க்காத பக்கத்து 20.04-க்கு எடுத்துப்போனால் ஓடாது.

ரூட் இல்லாதவர்களுக்கு

காண்டா-ஃபோர்ஜில் கட்டி முடித்த ஜிசிசி கிடைக்கிறது. மினிஃபோர்ஜை ஹோமில் நிறுவி, ஒரு என்விரான்மெண்ட், ஒரே கட்டளை, பத்து நிமிடம். பழைய ஜிலிப்சியின் ஹெடர்களைத் தனி சிஸ்ரூட்டாகக் கூடவே கொண்டுவருவதால் பழைய மெஷின்களிலும் ஓடும் புரோகிராம் கிடைக்கும். (அனகோண்டாவின் சொந்த சேனலுக்கு 200 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் கட்டணம் செலுத்தவேண்டும். காண்டா-ஃபோர்ஜுக்கு அந்தக் கட்டணம் இல்லை. அலுவலகத்தில் பயன்படுத்துபவர்கள் மினிஃபோர்ஜோடு நிற்பது நல்லது.) தொல்லை எங்கே வருகிறது என்றால், காண்டாவின் கம்பைலர் சிஸ்டத்தின் லைப்ரரிகளைக் கண்டுகொள்ளாது. கிளஸ்டரில் அட்மின் கட்டிவைத்த எம்பிஐ (பல நோடுகளில் ஓடும் புரோகிராம் தனக்குள் பேசிக்கொள்ளும் லைப்ரரி) ஒன்று இருக்கும், நெட்வொர்க் கார்டுக்கென்றே செதுக்கியது. அதையும் இதையும் கலந்தால் சாம்பாரும் பாயசமும் ஒரே இலையில் ஓடிக் கலந்த கதை. ஒரே மெஷினில் ஓடும் பைத்தான் வேலை, சின்ன டூல் இவற்றுக்குக் காண்டா சரி. எம்பிஐ வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பேக் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் சூப்பர் கம்ப்யூட்டர்களுக்காகவே பிறந்தது. இதுவும் சோர்ஸிலிருந்துதான் கட்டுகிறது. ஆனால் எந்தப் பதிப்புக்கு எந்த பேட்ச், எந்த ஃப்ளாக் என்பதை முன்னாலேயே பட்டு அனுபவித்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆர்பாத்தும் தானே போட்டுக்கொள்கிறது. விலை, நேரமும் இடமும். ஒரு ஜிசிசி கேட்டால் ஆட்டோகான்ஃப் முதல் பெர்ல் வரை ஊரையே கூட்டிவந்து கட்டும். ஹோமில் கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும் கிளஸ்டரில் பாதியில் நிற்கும். ஜிசிசி ஒன்று மட்டும் போதும் என்பவருக்கு இது அதிகம். ஜிசிசி, எம்பிஐ, எச்டிஎஃப்5, எஃப்எஃப்டிடபிள்யூ எல்லாமே புதிதாக வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

கண்டெய்னர்

டாக்கர் ஹப்பில் ஜிசிசியின் அதிகாரப்பூர்வ இமேஜ் ஒவ்வொரு பதிப்புக்கும் இருக்கிறது. இழுத்தால் வந்துவிடும். பகிர்ந்த கிளஸ்டரில் அட்மின் டாக்கர் தரமாட்டார். டாக்கர் குழுவில் சேர்ப்பதும் ரூட் கொடுப்பதும் ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும். அங்கே அப்டெய்னர் இருக்கும், முன்பு சிங்குலாரிட்டி என்று பெயர். அதே இமேஜை அதிலும் ஓட்டலாம்.

கண்டெய்னருக்குள் கம்பைல் செய்து கண்டெய்னருக்குள்ளேயே ஓட்டினால் சுகம். கம்பைல் செய்ததை வெளியே எடுத்து சென்டோஸ் 7-இல் ஓட்டலாம் என்று நினைத்தால் அடி. இப்போது தகராறு ஜிலிப்சியோடு. 2021-இல் வந்த ஜிலிப்சி 2.34-இல் புரோகிராம் தொடங்கும் இடத்திலுள்ள ஃபங்ஷனுக்கே புதிய பதிப்பு எண் கொடுத்தார்கள். அதனால் அதற்குப் பிந்தைய சிஸ்டத்தில் வணக்கம் மட்டும் சொல்லும் ஐந்து வரி புரோகிராமைக் கம்பைல் செய்தாலும் ஜிலிப்சி_2.34 வேண்டும் என்று கேட்கும். சென்டோஸ் 7-இல் இருப்பது 2.17. லிப்எஸ்டிடிசி++-ஐ உள்ளே அடைத்ததுபோல் இதை அடைக்கப்போனால் வேறு வேறு இடத்தில் கிழியும்.

புதிய ஜிலிப்சியால் பழைய டாக்கரும் சிரமம் கொடுக்கும். 20.10.10-க்கு முந்தைய டாக்கரில் உபுண்டு 22.04 இமேஜை ஓட்டினால் த்ரெட் உருவாக்க அனுமதி இல்லை என்று விசித்திரமாகச் சாகும். புதிய ஜிலிப்சி முதலில் கேட்கும் க்ளோன்3 என்ற சிஸ்டம் காலை அந்தப் பழைய டாக்கர் "தெரியாது" என்று சொல்லாமல் "அனுமதி இல்லை" என்று சொல்லிவிடுவதுதான் காரணம். தெரியாது என்றிருந்தால் ஜிலிப்சி பழைய வழிக்குத் திரும்பியிருக்கும்.

நீங்கள் கட்டுவதை ஊரெல்லாம் பல மெஷின்களில் ஓட்டவேண்டும் என்றால் தலைகீழாக யோசியுங்கள். பழைய டிஸ்ட்ரோவுக்குள் புதிய கம்பைலர். பைத்தான் பேக்கேஜ் எழுதுபவர்கள் பயன்படுத்தும் மெனிலினக்ஸ்2014 இமேஜ் அதுதான்: சென்டோஸ் 7, உள்ளே டெவ்டூல்செட்-10. அதில் கட்டியது பெரும்பாலான லினக்ஸ் மெஷின்களில் ஓடும். பைத்தானுக்குச் சம்பந்தமே இல்லாத சி++ புரோகிராமையும் நான் அதற்குள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

கிளாங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டி முடித்த கிளாங்கை இறக்கிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று தோன்றும். லினக்ஸில் அது இயல்பாகத் தேடுவது ஜிசிசியின் லிப்எஸ்டிடிசி++ ஹெடர்களையே. 4.8.5-இன் ஹெடர்களை வைத்துக்கொண்டு சி++17-இன் லைப்ரரி வசதிகளைக் கேட்கும் கோடை எந்தக் கிளாங்காலும் கம்பைல் செய்ய முடியாது. சுற்றிச் சுற்றி மறுபடி ஜிசிசியிடமே வந்து நிற்பீர்கள்.

எங்கள் ஆய்வகத்தில்

மாணவருக்கு ரூட் இல்லை. அட்மினிடம் டெவ்டூல்செட் கேட்டு அனுப்பிய மெயிலுக்கு இரண்டு வாரமாகப் பதில் இல்லை. எம்பிஐ வேண்டும், ஆகவே காண்டா வேண்டாம். புரோகிராம் அதே கிளஸ்டரில் மட்டும்தான் ஓடும், ஆகவே எங்கும் ஓடவேண்டிய கட்டாயம் இல்லை. அவருடைய பிழையோ முதல் கட்டத்தில், காரணம் தெளிவாகத் தெரிந்த பிழை. இப்படிப் பார்த்தால் அவர் தொடங்கிய வழியிலேயே போகலாம் என்றுதான் வந்தது. 13-ஐ விட்டுவிட்டு 9-க்கு இறங்கச் சொல்லலாமா என்று யோசித்தேன். சோர்ஸும் ப்ரீரிக்விசிட்ஸும் ஏற்கெனவே இறங்கியிருந்ததால் விட்டுவிட்டேன். மொழிகளில் சி, சி++, ஃபோர்ட்ரான் மட்டும், மல்டிலிப் இல்லை, ஜாப் நான்கு. இரவு ஒன்பது மணிக்குப் போட்டார்.

காலையில் ஜிசிசி 13.2 என்று பதில் சொன்ன ஸ்கிரீன்ஷாட் வந்தது. மத்தியானம் இன்னொரு போன்.

"அண்ணா, லாகின் நோட்ல ஓடுது, ஜாப் போட்டா ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ் இல்லைங்குது."

"பாத்தை எங்க செட் பண்ணுன?"

"டெர்மினல்லதான்..." என்று இழுத்தவர், "ஆர்பாத் போட்டுட்டு கூப்பிடுறேண்ணா" என்று வைத்துவிட்டார்.

இப்போது அந்த ஜிசிசி இருக்கும் டைரக்டரியை ஆய்வகத்தில் நான்கு பேர் பயன்படுத்துகிறார்கள். அட்மினின் பதில் போன வாரம்தான் வந்தது: டெவ்டூல்செட்-11 போட்டாயிற்று, சரிபார்க்கவும்.